கீவ் சுவரில் சுர்க்கி

2025 ஜூன் 10-ஆம் தேதி கீவ் நகரின் மீது நடந்த தாக்குதலைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை எத்தனை டிரோன், எத்தனை ஏவுகணை என்ற கணக்கைத்தான் சொல்லின. அவற்றுக்கு நடுவே நாலைந்து வரிகளில் ஒரு சின்னச் செய்தியும் இருந்தது. செயின்ட் சோஃபியா தேவாலயத்தின் கொடுங்கை சேதமடைந்துவிட்டதாம். குண்டு தேவாலயத்தின் மேல் விழவில்லை. வெடித்த வேகத்தில் கிளம்பிய காற்றழுத்தம் வந்து மோதியதிலேயே சுவரின் மேல்விளிம்பு உடைந்துபோனது.

அந்தச் சுவர் சாதாரணச் சுவர் அல்ல. பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்து நிற்கும் சுவர் அது. அதன் உட்புறத்தில் கைகளை உயர்த்திப் பிரார்த்திக்கும் மரியன்னையின் உருவம், சுமார் 6 மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் யாரோஸ்லாவ் மன்னன் காலத்து வேலை. கீவ் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'அழியாச் சுவர்'. நகரமே தீக்கிரையானபோதும் அந்தச் சுவர் நின்றது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் வெளிப்பக்கத்தில்தான் இப்போது உடைசல்.

கட்டடப் பழுதுபார்ப்பு வேலையில் இருப்பவன் நான். செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி மிகவும் சாதாரணமானது: அதை எதை வைத்துப் பூசுவார்கள்?

"மனுஷங்க செத்துக்கிட்டிருக்காங்க, நீங்க சுவத்தப் பத்திப் பேசுறீங்களே" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உக்ரேனியர்களே அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. போர் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே லிவிவ் நகரத்து மக்கள் சந்தைச் சதுக்கத்தில் இருக்கும் நெப்டியூன், டயானா சிலைகளைத் துணியாலும் பஞ்சாலும் சுற்றிக் கட்டினார்கள். தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைத் தகடு வைத்து மூடினார்கள். சைரன் ஒலிக்கும் ஊரில் இதற்கும் ஆள் கிடைத்தார்கள் என்றால், அந்தக் கற்கள் அவர்களுக்கு வெறும் கற்கள் அல்ல. யுனெஸ்கோ சரிபார்த்து உறுதிசெய்த சேதமடைந்த பண்பாட்டு இடங்களின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டில் 500-ஐத் தாண்டிவிட்டது. தேவாலயங்கள், அரும்பொருளகங்கள், நூலகங்கள், பழைய வீடுகள் எல்லாம் அதில் அடக்கம்.

சரி, சோஃபியாவின் சாந்துக்கு வருவோம். அந்தத் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூச்சும் பச்சை, தங்க நிறக் குவிமாடங்களுமாக, 17, 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் போலத்தான் தெரியும். ஆனால் வெளிச்சுவரில் சில இடங்களில் பூச்சை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பழைய கட்டுமானத்தைப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். சப்பாத்தி போல மெல்லிய, பரந்த செங்கல் வரிசைகள், இடையிடையே கல் வரிசைகள். செங்கல்லிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை உள்ளே தள்ளிவைத்து அதன் மேல் சாந்தை மூடிவிட்டார்கள். அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல்லைவிடச் சாந்துப் பட்டையே அகலமாகத் தெரியும். அந்தச் சாந்தின் நிறம் இளஞ்சிவப்பு.

ஏன் இளஞ்சிவப்பு? சுண்ணாம்பில் செங்கல்லை இடித்துக் கலந்திருக்கிறார்கள். உக்ரேனியர்கள் இதைச் 'செமியங்கா' என்கிறார்கள். நம் பழைய கொத்தனார்களிடம் கேட்டால் "இது சுர்க்கி இல்லையா?" என்பார்கள். அதேதான். முல்லைப் பெரியாறு அணையின் உள்ளே இருப்பதும் இந்தச் சுண்ணாம்பு-சுர்க்கிக் கூட்டுதான். கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கீவ் போன கைவினைஞர்களும் தமிழகத்துக் கொத்தனார்களும் சந்தித்துப் பேசியிருக்கவே முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே ரகசியத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெறும் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தில் இறுகாது. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்லக் கல்லாகும். சுட்ட களிமண் தூளைச் சேர்த்தால், அதிலிருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகுகின்றன. குளிரும் மழையும் பனியும் உள்ள கீவ் நகரில் ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு அந்தத் தூளும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் வாசகர்கள் தங்கள் ஊரிலேயே இதற்கு ஓர் உறவுக்காரச் சுவரைப் பார்க்கலாம். 1862-இல் அருள்பொழிவு செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள் கட்டினார்கள். உட்சுவரில் பூசப்பட்டது 'மெட்ராஸ் சுண்ணாம்பு': கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர். காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செய்முறை எழுதிவைக்கப்பட்டிருப்பதால் நமக்குத் தெரிகிறது. கீவ் கொத்தனார்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அங்கே சுவரையே கேட்கவேண்டியிருக்கிறது.

சுவரைக் கேட்பது எப்படி? நகக்கண் அளவு சாந்துத் துண்டை எடுத்துக் காகிதம்போல் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இன்னொரு துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். மணலும் செங்கல் பொடியும் அடியில் தங்கும். தங்கியதைச் சலித்து, எந்த அளவுத் தூள் எவ்வளவு என்று எடைபோடுகிறார்கள். எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி அதிலுள்ள கனிமங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகுதான் புதுச் சாந்து கலக்கும் வேலை. பழைய சாந்தைவிடப் புதியது கொஞ்சம் பலவீனமாகவே இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு விதி. புதியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். பழுதுபார்க்கும்போது பலமாகத்தானே பூசவேண்டும்? இல்லை. சுவர் அசையும்போது, உப்பு வெளியேறும்போது, ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும். புதுச் சாந்து உடைந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். ஆயிரம் வயதுச் செங்கல் உடைந்தால் வேறு செங்கல்லுக்கு எங்கே போவது?

இங்கேதான் சிமெண்டு வில்லனாகிறது. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை வாங்கினார்கள். அது கடினம், வேகமாக இறுகும், எங்கேயும் கிடைக்கும். புதுக் கட்டடத்துக்கு அருமையான பொருள். பழைய சுவரில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். சுண்ணாம்புச் சாந்து மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். சிமெண்டு அடைத்துவிட்டால் அந்த ஈரம் பக்கத்திலிருக்கும் மெத்தென்ற கல்லுக்குள் புகும். பினாங்கிலோ மலாக்காவிலோ பழைய கடைவீட்டுச் சுவரில் புதுப் பெயிண்டு தோல்போல உரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கதை அதேதான்.

ஆனால் நமக்கு இல்லாத ஓர் எதிரி உக்ரேனுக்கு உண்டு: உறைபனி. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்து மறந்திருக்கிறீர்களா? தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருக்கும். கூரை உடைந்த கட்டடத்தில் இலையுதிர்கால மழை இறங்கி, சுவருக்குள் ஊறி, குளிர்காலத்தில் உறைந்து, பகலில் உருகி, இரவில் மறுபடி உறைந்தால் என்ன ஆகும்? ஏவுகணை ஒரு நொடியில் செய்ததைவிட அதிகமான சேதத்தைப் பனி இரண்டு குளிர்காலங்களில் சத்தமில்லாமல் செய்துவிடும். அதனால் உக்ரேனில் மறுசீரமைப்பின் முதல் பொருள் சுண்ணாம்பும் அல்ல, நானோ தொழில்நுட்பமும் அல்ல. தார்பாய். அடுத்தது ஒட்டுப்பலகை. அதற்கடுத்தது சாரம் கட்டும் இரும்புக் குழாய். இவற்றை அனுப்பும் உதவி அமைப்புகளுக்குப் படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனால் என் கணக்கில் அவர்கள்தான் இதுவரை அதிகமான கட்டடங்களைக் காப்பாற்றியிருப்பவர்கள்.

ஒடேசா நகரில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஜனவரியில் அதன் பழைய நகரப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கே ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. ஆறே மாதத்தில், ஜூலை 23-ஆம் தேதி, அங்குள்ள உருமாற்றத் தேவாலயத்தை ஏவுகணை தாக்கியது. அந்தத் தேவாலயத்துக்கு இது இரண்டாவது சாவு. சோவியத் ஆட்சி 1936-இல் அதை இடித்துத் தள்ளியது. நாடு சுதந்திரமடைந்த பிறகு மக்கள் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை இத்தாலி உதவிக்கு வந்திருக்கிறது.

ஒடேசாவின் பழைய கட்டடங்கள் எதனால் ஆனவை தெரியுமா? கிளிஞ்சலால். கடல் இருந்த காலத்தில் அடியில் படிந்த சிப்பி ஓடுகள் இறுகிப் பாறையான ஒருவகைச் சுண்ணாம்புக்கல் அது. உற்றுப் பார்த்தால் சிப்பியின் வடிவம் கண்ணுக்கே தெரியும். ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மென்மை. 1794-இல் நகரம் உருவான பிறகு வீடு கட்டக் கட்ட, அந்தந்த வீட்டுக்கான கல்லை ஊருக்கு அடியிலிருந்தே அறுத்தெடுத்தார்கள். அறுத்த இடமெல்லாம் சுரங்கமாக மிஞ்சியது. இன்று ஒடேசாவுக்கு அடியில் ஓடும் சுரங்கப் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் என்கிறார்கள். கீழே இருப்பது மேலே இருப்பதன் அச்சுப் பிரதி போல. போர்க்காலத்தில் அந்தச் சுரங்கங்களில் சில பதுங்குமிடங்களாகவும் பயன்பட்டிருக்கின்றன.

இந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஆகாது. கடற்பாசிபோல உறிஞ்சும். ஒடேசாவில் பழைய வீடு இடிந்தால், பாதி வழக்குகளில் குற்றவாளி மழைநீர்க் குழாய்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. போருக்கு முன்பிருந்தே அந்த ஊரின் அழகான முகப்புகள் கூரை ஒழுகலாலும் அலட்சியத்தாலும் உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் பலவற்றின் மேல் கம்பிவலை அடித்துச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். வெடி அதிர்வு வரும்போது அந்தப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. போகும்போது கல்லின் முகத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. திரும்பப் பழுதுபார்க்க அதே வகைக் கல் வேண்டும், அதே இளகிய சுண்ணாம்புச் சாந்து வேண்டும், மேலே ஆவி வெளியேறும் சுண்ணாம்பு அல்லது சிலிகேட் வண்ணம் வேண்டும். கல் அந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. மற்றவைதான் பிரச்சினை.

சுவரில் ஓவியம் இருந்தால் வேலை இன்னும் நுட்பமாகிறது. சோஃபியாவில் சுமார் 260 சதுர மீட்டர் கண்ணாடிப் பதிப்பும் 3,000 சதுர மீட்டர் சுவரோவியமும் இருக்கின்றன. அதிர்வில் பூச்சு சுவரைவிட்டு விலகிவிடும், ஆனால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வெப்பப்படக் கருவி, ஒலியலைக் கருவி எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் இன்றும் நிபுணர்கள் முதலில் செய்வது விரல் மொட்டியால் தட்டிப் பார்ப்பதுதான், நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல. 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் அங்கே உள்ளே இடைவெளி. ஓவியத்தின் மேல் ஜப்பானிய மெல்லிய காகிதத்தைப் பசையால் ஒட்டித் தாங்கவைத்துவிட்டு, ஊசி போடுவதுபோலச் சிரிஞ்சால் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை உள்ளே செலுத்துகிறார்கள். மணிக்கணக்கில் கையாலோ பலகையாலோ லேசாக அழுத்திப் பிடிக்கவேண்டும்.

மேற்பரப்பு மாவுபோல் உதிர்ந்தால் வேறு மருந்து. பழைய வழி சுண்ணாம்புத் தெளிநீரைப் பூசுவது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சுண்ணாம்புகூடக் கரையாது. அதனால் ஒரே இடத்தில் பல முறை பூசவேண்டும், அத்தனை தண்ணீரையும் சுவர் குடித்துவிடும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சுண்ணாம்பை நானோ அளவுத் துகள்களாக்கித் தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் மிதக்கவிட்டார்கள். ஆல்கஹால் ஆவியாகிவிடும், துகள் உள்ளே தங்கிக் காற்றோடு சேர்ந்து கல்லாகும். கேட்க அற்புதமாக இருக்கிறது. நடைமுறையில் கை தேர்ந்தவர் பூசாவிட்டால் ஆல்கஹால் ஆவியாகும்போது துகளையும் மேலே இழுத்துவந்து ஓவியத்தின்மேல் வெண்மூட்டமாக விட்டுவிடும். பொருள் நவீனமானது என்பதால் கைத்திறன் தேவையில்லாமல் போய்விடுவதில்லை.

இப்போது கார்கிவ். அங்கே கதை தலைகீழ். 1925-க்கும் 1928-க்கும் இடையே கட்டப்பட்ட டெர்ஜ்புரோம் என்ற அரசு அலுவலகக் கட்டடம், அந்தக் காலத்தின் வானளாவி. வெவ்வேறு உயரத்தில் கோபுரங்கள், அவற்றை ஆகாயத்தில் இணைக்கும் பாலங்கள், எல்லாம் இரும்புக்கம்பிக் கான்கிரீட். ஆனால் அதைக் கட்டியதில் பெரும்பங்கு மண்வெட்டிக்கும் தள்ளுவண்டிக்கும்தான். இரண்டாம் உலகப்போரையும் தாண்டி நின்ற கட்டடம். 2024 அக்டோபர் 28-ஆம் தேதி வழிநடத்தப்பட்ட குண்டு ஒன்று அதன் ஒரு பகுதியின் மேல்மாடிகளை நொறுக்கியது. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்புதான் யுனெஸ்கோ அதைச் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்தது. பட்டியலுக்குக் குண்டைத் தடுக்கும் சக்தி கிடையாது. பின்னால் வழக்கு நடக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

கான்கிரீட்டைக் கான்கிரீட்டால் பூசினால் போயிற்று என்று நினைக்கவேண்டாம். சுண்ணாம்புச் சாந்தைக் கல்லாக்கும் அதே கரியமில வாயு, கான்கிரீட்டுக்கு எமன். அது உள்ளே புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி துருப்பிடிக்காது. காரம் போனால் துரு. துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் மேல்பூச்சு வெடித்து விழும். பழைய வீவக வீடுகளில் குளியலறைக் கூரை வெடித்துக் கம்பி தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1920-களின் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் விடப்பட்ட கனம் இன்றைய அளவுக்கு இருக்காது. ஆகவே டெர்ஜ்புரோமில் குண்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. குண்டு விழாத இடங்களிலும் கம்பியின் நிலையைச் சோதிக்கவேண்டும். அந்தக் கட்டடத்தின் அழகு, அதன் கரடுமுரடான சாம்பல் நிறம். அதன்மேல் வழவழவென்று நவீனப் பழுதுபூச்சைத் தடவினால் கட்டடம் நிற்கும், டெர்ஜ்புரோம் இருக்காது.

மரக்கட்டடங்களைப் பற்றிக் கொஞ்சம். கீவ் வட்டாரத்தில் ஜாவோரிச்சி என்ற ஊரில் 1873-இல் கட்டிய மரத் தேவாலயம் 2022 மார்ச்சில் எரிந்து சாம்பலானது. மரம் எரிந்தால் ஒட்டவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மேற்கே கார்பாத்திய மலையடிவாரத்தில் மரத் தேவாலயங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. உக்ரேனிலும் போலந்திலுமாக 16 தேவாலயங்கள் 2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று துரோஹோபிச் நகரத்துச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். உப்பு காய்ச்சும் ஊர் அது. வேறொரு கிராமத்திலிருந்த தேவாலயத்தை 17-ஆம் நூற்றாண்டில் உப்பைக் கொடுத்து வாங்கிவந்து இங்கே நிறுத்தினார்கள் என்று சொல்கிறார்கள். நீண்ட மரங்களை மூலையில் ஒன்றோடொன்று வெட்டிக் கோத்துக் கட்டுவதால், கழற்றி எடுத்துப் போகவும் முடியும். கூரை முழுவதும் கையால் பிளந்த சின்னச் சின்ன மர ஓடுகள். அவை சில பத்தாண்டுகள்தான் தாங்கும், பிறகு மாற்றவேண்டும். மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் ஆயுள் ரகசியம்.

அங்கேயும் சிமெண்டுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான்: பளபளக்கும் தகடு. செலவு குறையும், அடிக்கடி மாற்றவேண்டாம், பார்வைக்குத் தங்கம்போல மின்னும் என்று பல கிராமத்துச் சபைகள் பழைய மர ஓட்டை எடுத்துவிட்டுத் தகடு அடித்துவிட்டன. அடியில் ஈரம் தேங்கி மரம் உளுத்துப்போகிறது. பக்தியோடு செய்யும் சேதம் என்பதால் யாராலும் எளிதில் தடுக்க முடிவதில்லை. இந்த வகைச் சேதத்துக்குப் போர் தேவையில்லை.

இளைய வாசகர்கள் இவ்வளவு நேரம் காத்திருந்த விஷயம், முப்பரிமாண வருடல். லிவிவ் நகரைச் சேர்ந்த ஸ்கைரான் என்ற நிறுவனம் போர் தொடங்கியதும் லேசர் கருவியையும் டிரோனையும் எடுத்துக்கொண்டு நினைவுச்சின்னங்களை அளந்து பதிவுசெய்யத் தொடங்கியது. 'பேக்அப் உக்ரேன்' என்ற இன்னொரு திட்டம், கைப்பேசி வைத்திருக்கும் யாரும் ஒரு சிலையையோ முகப்பையோ சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாண வடிவமாக மேகக் கணினியில் ஏற்றலாம் என்று மக்களைக் கூப்பிட்டது. லேசர் கருவி ஒரு கட்டடத்தைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக, மில்லிமீட்டர் துல்லியத்தில் பதிந்துவிடும். எந்த விரிசல் புதியது, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உடைந்த சிற்பத்தின் மூக்கைக்கூட அந்தத் தரவிலிருந்து திரும்பச் செதுக்கலாம்.

ஆனால் அந்தக் கோடிப் புள்ளிகளில் ஒன்றுகூடச் சாந்தில் எவ்வளவு செங்கல் தூள் என்று சொல்லாது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்துக்கும் தீ விபத்துக்கு முன்பே எடுத்த லேசர் பதிவு இருந்தது, பெரிதும் உதவியது. ஆனாலும் எரிந்த கூரையை 2024-க்குள் திரும்ப எழுப்பியவர்கள் ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கத் தெரிந்த தச்சர்கள். பிரான்சில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது. உக்ரேனில் 25 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் போருக்கு அழைக்கப்படக்கூடியவர்கள். கொத்தனாரும் தச்சரும் கல்தச்சரும் அந்த வயதில்தானே இருப்பார்கள்? கருவி வாங்க நன்கொடை கிடைக்கிறது. சுண்ணாம்பை எத்தனை மாதம் ஊறவைக்கவேண்டும் என்று கை வைத்தே சொல்லக்கூடிய ஆளை எந்த நன்கொடையாலும் ஆறு மாதத்தில் உருவாக்க முடியாது. உதவும் நாடுகள் இதில்தான் அதிகப் பணத்தைப் போடவேண்டும் என்பது என் கருத்து. பெண்களையும் ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களையும் இந்தத் தொழில்களில் பயிற்றுவிப்பது வெறும் கருணைத் திட்டம் அல்ல. அவர்களை விட்டால் வேலைக்கு ஆள் இல்லை.

அவசரமும் ஓர் ஆபத்து. கீவ் குகை மடத்தின் பெரிய தேவாலயம் 1941 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் இடிபாடாகக் கிடந்ததை 1998-இல் தொடங்கி 2000-த்தில் கட்டி முடித்துவிட்டார்கள். 1930-களில் இடிக்கப்பட்ட பொற்குவிமாட மைக்கேல் மடமும் அப்படியே, 1999-க்குள் எழுந்துவிட்டது. இன்று அவற்றின் முன்னால் நின்று படமெடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு வித்தியாசம் தெரியாது. இடிபாட்டில் எஞ்சியிருந்த பழைய கட்டுமானத்தை ஆராய இன்னும் நேரம் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் இடித்தவனுக்குப் பதிலாக எழுப்பிக் காட்டவேண்டும் என்ற வேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நாஜிகள் தரைமட்டமாக்கிய வார்சா பழைய நகரத்தைப் போலந்துக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்துக்கூடத் திரும்பக் கட்டினார்கள். அந்த மறுகட்டுமானத்தையே 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. சில இடங்களில் திரும்பக் கட்டுவதே சரி. சில இடங்களில் தழும்பை விட்டுவைப்பதே சரி. எது எங்கே என்று முடிவுசெய்யவேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நிதி கொடுப்பவர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள் நிச்சயமாக அல்ல.

கடைசியாக ஜன்னல். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கலாம். ஆனால் குண்டு அருகில் விழும் ஒவ்வொரு முறையும் முதலில் போவது ஜன்னல்தான். நூற்றாண்டு பழமையான வீடுகளில் இரட்டை மரச்சட்ட ஜன்னல்கள் இருந்தன. இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்தக் காற்றுதான் கம்பளி. பழுதுபார்த்து, இடுக்குகளை அடைத்தால் இன்றைக்கும் அவை குளிரைத் தடுக்கும். ஆனால் மின்சாரம் இல்லாத ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பாகையில், கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பத்திடம் போய் "தச்சர் வரும்வரை காத்திருங்கள், பிளாஸ்டிக் ஜன்னல் போடாதீர்கள்" என்று யார் சொல்வது? நான் சொல்லமாட்டேன். சட்டம் சொல்லலாம்; கூடவே பணமும் ஆளும் அனுப்பினால் அந்தச் சட்டத்துக்கு மரியாதை இருக்கும். லிவிவ் நகராட்சி போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் உதவியோடு இதைத்தான் செய்து பார்த்தது: பழைய கதவையும் ஜன்னலையும் மாற்றாமல் பழுதுபார்க்கும் வீட்டுக்காரருக்குச் செலவில் ஒரு பங்கு.

இவானோ-பிராங்கிவ்ஸ்க் என்ற ஊரில் ஓர் இளைஞர் குழு இதைவிடச் சின்ன அளவில் தொடங்கியது. பொதுவாசலில் நிற்கும் நூறு வயதுக் கதவு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களைக் கூட்டிப் பேசுவார்கள். கதவின்மேல் தலைமுறை தலைமுறையாக அடித்த பெயிண்டை ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டுவார்கள்: பழுப்பு, பச்சை, சாம்பல், மறுபடி பழுப்பு. கடைசியில் மரம் தெரியும்.